பாத்திரத்தின் அடியில் ஒட்டிய பெயர்

ஹேசல் ஃபோர்க், ஒஹாயோ
1973 பிப்ரவரி 11, ஞாயிறு

என் கண்ணே லோர்னா,

ஊரே கேட்பதைத்தான் நானும் கேட்கிறேன், ஒரே ஒரு பெயர், அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் என்ன? முதியோர் இல்லத்தில் ராத்திரியானால் அறைகளைச் சூடாக்கும் கொதிகலனை அணைத்ததையும், குளிரில் ஒன்பது பேர் செத்ததையும் பத்திரிகையில் எழுதினாய். சரி. இல்லத்துப் பதிவேட்டின் பக்கங்களை உனக்குக் கொடுத்தது யார் என்று நீதிபதி கேட்டார், நீ வாயைத் திறக்கவில்லை, சொல்லும்வரை சிறை என்றுவிட்டார். அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம், பத்திரிகைச் சுதந்திரம் என்கிறாய். அது உனக்கு ஒரு கம்பளி கொடுத்ததா? நான்தான் அனுப்பியிருக்கிறேன்.

இன்று கோயிலில் நம் பெஞ்சில் நான் மட்டும்தான். இல்லத்து மேலாளரின் மனைவி முன்னால் இருந்துகொண்டு, "சில குடும்பத்துல வாய் மட்டுந்தான் வளருது" என்றாள். "சில வீட்டுல கொதிகலன் மட்டுந்தான் அணையுது" என்றேன். பிறகு கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டேன், பாதி மனசோடு.

உன் அத்தை,
ஹெஸ்டர்


கவுண்டி சிறை
பிப்ரவரி 14

அன்புள்ள அத்தை,

கம்பளி வந்தது. தகவல் தந்தவரின் பெயரை மறைக்க நிருபருக்கு உரிமை இல்லை என்று போன வருஷம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, தெரியும். ஆனால் வாக்குக் கொடுத்தது நான். பெயர் வெளியே வந்தால் ஒரு குடும்பம் தெருவில் நிற்கும்.

இங்கே வரும் கடிதங்களைச் சிறைக்குப் பொறுப்பான ஷெரிப் பிரித்துப் படித்த பிறகுதான் என்னிடம் தருகிறார். என் பூனையைப் பற்றி எழுதுங்கள், மழையைப் பற்றி எழுதுங்கள். நிறைய எழுதுங்கள். பேச இங்கே ஒருத்தரும் இல்லை.

லோர்னா


ஹேசல் ஃபோர்க்
பிப்ரவரி 25, ஞாயிறு

என் கண்ணே,

பூனை நன்றாகத் தின்கிறது. மழை விடவில்லை. உன் வீட்டு ஃபிரிட்ஜைத் துடைத்து வைத்தேன். அதில் மூடி போட்ட ஒரு கண்ணாடிப் பாத்திரம், அடியில் ஒட்டின துண்டில் 'ஓப்பல் ஸ்டைகர்ஸ்' என்று பெயர். இல்லத்தில் துணி துவைக்கிறாளே, அவள்தானே? உன் வீட்டில் சாவா, பிரசவமா, அவள் எதற்கு உனக்குச் சோறு கொண்டுவந்தாள்? நம் சபைக்காரிகூட இல்லை.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பலாமா? ஆப்பிள் பை பலகாரம் சுட்டு வைத்து அவள் வீட்டுக்கே கொண்டுபோனேன். பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. சோகை போலிருக்கிறது, புருஷனும் படுக்கையில். "அக்கா, இது லோர்னா வீட்டுல இருந்துச்சுன்னு யார்கிட்டயும் சொல்லிறலியே?" என்றாள்.

"எங்கிட்ட யாரும்மா பேசுறா? என் லோர்னாவுக்கு எழுதுறதோட சரி" என்றேன்.

உன் அத்தை,
ஹெஸ்டர்


ஹேசல் ஃபோர்க்
மார்ச் 11, ஞாயிறு

என் கண்ணே லோர்னா,

இந்தக் கடிதத்தை உன் வீட்டு விலாசத்துக்கே எழுதுகிறேன். வியாழக்கிழமை உன்னை விட்டுவிட்டார்களாமே. இனி உன் சாட்சி தேவையில்லை என்றாராம் நீதிபதி. என் ஜெபம் வீண்போகவில்லை. கோழி அடித்துக் குழம்பு வைத்து, இரண்டு தட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தேன். நீ வரவில்லை. வெள்ளிக்கிழமை நானே வந்தேன். உள்ளே விளக்கு எரிந்தது, ஜன்னலில் பூனை இருந்தது, எவ்வளவு தட்டியும் கதவு திறக்கவில்லை. என்னிடம் இருக்கும் சாவி பூட்டில் திரும்பவில்லை. பூட்டை மாற்றினாயா?

ஓப்பலை வேலையிலிருந்து துரத்திவிட்டார்கள். பதிவேட்டைத் தந்தது அவள்தானாம்! புருஷனைத் தூக்கி வண்டியில் படுக்கவைத்துக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டாள். அந்தக் கண்ணாடிப் பாத்திரம் என் வாசலில் கிடந்தது, வெறுமையாக. அடியில் இருந்த பெயரைக் கிழித்திருந்தாள்.

அவளைக் காட்டிக் கொடுத்த பாவியைக் கர்த்தரே கேட்கட்டும் என்று இன்று முழங்காலில் நின்றேன். பெஞ்சில் இன்றும் நான் மட்டும்தான். ஒரு வரியாவது எழுது, கண்ணே.

உன் அத்தை,
ஹெஸ்டர்

உறையை ஒட்டப் போகும்போது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. நீ எழுதியிருந்தாய், கடிதங்களை ஷெரிப் பிரித்துப் படிப்பார் என்று.