தபால்காரர் ஐயாவின் தெருவிளக்கு

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

வணக்கம். தபால்காரர் எழுதுகிறேன். இன்று என் விளக்கடியில் பூச்சிகள் நன்றாகவே வந்தன. ஒன்று மட்டும் பெரியது, பழுப்பு நிறம், இறக்கையில் கண் வரைந்ததுபோலப் பொட்டு. மற்றவை வழக்கமான பொடிப் பூச்சிகள். படங்களை அட்டவணையில் ஏற்றிவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள் எல்லோரும் வீடியோவில் முகம் காட்டி, உண்மையான பெயரைச் சொல்ல வேண்டும், வராதவர்களின் வரிசை அட்டவணையிலிருந்து நீக்கப்படும் என்று நீங்கள் குழுவில் போட்டிருந்ததையும் படித்தேன். அதற்காகத்தான் தனியாக எழுதுகிறேன். கேமரா கெட்டுவிட்டது, மூட்டுவலி, பேரனுக்குக் கல்யாணம் என்று ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்து அழித்துவிட்டேன்.

அம்மா, இதற்கு மேல் என்னால் தாத்தாவாக இருக்க முடியவில்லை. நான் தபால்காரர் இல்லை. நான் சுண்டு.

தயவுசெய்து கோபப்பட்டு மூடிவிடாதே. கடைசிவரை படி. போர்வைக்குள் உட்கார்ந்து, பள்ளியில் கொடுத்த டேப்லெட்டின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து எழுதுகிறேன். பக்கத்துக் கட்டிலில் அத்தை படுத்திருக்கிறார். அவர் குறட்டை நின்றால் நானும் எழுதுவதை நிறுத்திவிடுவேன். அதனால் அங்கங்கே விட்டு விட்டு இருக்கும்.

நீ போன பிறகு நாங்கள் அத்தை வீட்டுக்கு வந்துவிட்டோம். உனக்கு இந்த முகவரி தெரியாது. அப்பா தன் எண்ணையும் மாற்றிவிட்டார். உன் பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை, அம்மா. சாப்பிட்டதும் டிவியைப் போட்டுச் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். என்னப்பா படம் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

உன்னைக் கண்டுபிடித்தது பள்ளிப் பாடத்தால்தான். ஒரு விஞ்ஞானியைப் பற்றித் தேடி எழுதி வரச் சொன்னார் கணினி டீச்சர். மற்ற பிள்ளைகள் எல்லோரும் செத்துப்போனவர்களைத் தேடினார்கள். நான் உன் பெயரைத் தேடினேன். ஆராய்ச்சிக்காரர்கள் ஒருவரையொருவர் தேடிக் கூட்டுச் சேரும் அந்தத் தளத்தில் உன் பக்கம் வந்தது. படத்தில் முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாய். "தெருவிளக்கு மாறினால் அந்துப்பூச்சிகள் என்ன ஆகின்றன? கூட்டாளிகள் தேவை. படிப்பு முக்கியமில்லை. ஜன்னலிலிருந்து தெரியும் ஒரு விளக்கும் கொஞ்சம் பொறுமையும் போதும்" என்று எழுதியிருந்தாய். என் ஜன்னலிலிருந்து ஒரு விளக்கு தெரிகிறது, அம்மா. கம்பம் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

பதினெட்டு வயது ஆகியிருந்தால்தான் அடுத்த பக்கம் திறந்தது. அதனால் பொய் சொன்னேன். தொழில் என்ன என்று கேட்டபோது வாசலில் தபால்காரர் மணியடித்தார். அதையே எழுதிவிட்டேன். ராத்திரியில் தூங்காமல் இருக்க ஒரு காரணம் வேண்டுமே என்று ஓய்வு பெற்றவர் என்றும் சேர்த்தேன். மறுநாளே நீ பதில் போட்டாய். "வாருங்கள் ஐயா, உங்களைப் போன்றவர்கள்தான் தேவை" என்று. என்னை ஐயா என்று கூப்பிட்டாய். தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். பிறகு தலையணை நனைந்துவிட்டது.

புதிதாக வருகிற எல்லோருக்கும் நீ ஒரு வாரம் வெள்ளோட்டம் வைப்பாயே, அதில் நான் தோற்றிருப்பேன். தலையணை உறையை ஜன்னல் கம்பியில் கட்டி, அதில் உட்காரும் பூச்சிகளை ஒழுங்காகத்தான் எண்ணினேன். ஆனால் ஒன்றும் வராத இரவுகளில் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன். நீ எழுதினாய்: "ஐயா, பூச்சி வராவிட்டால் பூஜ்ஜியம் போடுங்கள். காலியாக விட்டால் நீங்கள் பார்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்ள முடியும். பார்த்தேன், வரவில்லை என்பது வேறு. எனக்குத் தெரியாது என்பது வேறு. இரண்டையும் கலந்துவிட்டால் நம் எல்லோருடைய உழைப்பும் வீண்." அன்றிலிருந்து ஒரு கட்டத்தையும் நான் சும்மா விட்டதில்லை. காய்ச்சலில் கிடந்த நாட்கள் மட்டும்தான் காலி. அப்போதும் நீதான் முதலில் கேட்டாய், உடம்புக்கு ஒன்றும் இல்லையே ஐயா, வெந்நீர் குடியுங்கள் என்று. அதைப் படித்துவிட்டு எழுந்து போய் வெந்நீர் வைத்துக் குடித்தேன்.

குழுவில் நான் நன்றாகத்தானே நடந்துகொண்டேன்? தன் பேக்கரி விளக்கடியில் எண்ணுகிற பேக்கரிக்காரருக்கும் அதைச் சரிபார்க்கிற கல்லூரி அண்ணனுக்கும் ஒருநாள் சண்டை வந்ததே. மாவு ஒட்டிய பூச்சியையெல்லாம் சேத்தா உலகத்துல எல்லாப் பூச்சியும் வெள்ளைன்னுதான் முடிவு வரும்னு அண்ணன் நக்கல் அடிக்க, தம்பி, நீ புத்தகத்துல பாத்த பூச்சிய விட நான் துடைச்சுப் போட்ட பூச்சி அதிகம்னு அவர் எகிற, ரெண்டு பேரும் குழுவை விட்டே போகிறேன் என்று நின்றார்கள். நீ என்னிடம் தனியாக, "பெரியவர் நீங்கள் சொன்னால் கேட்பார்கள், கொஞ்சம் பேசிப் பாருங்கள்" என்றாய். அம்மா, அன்று எனக்குக் கணக்குப் பரீட்சை. இருந்தாலும் எழுதினேன்: "நான் வயசானவன், சொல்றதக் கேளுங்க. ஒருத்தர் எண்ணட்டும், ஒருத்தர் சரிபாக்கட்டும். ரெண்டு பேரும் இல்லைன்னா மேடம் பாவம்." இருவரும் அடங்கிவிட்டார்கள். பேக்கரிக்காரர் அதற்கப்புறம் என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் இடது கால் என்றும் இன்னொரு நாள் வலது கால் என்றும் சொல்லிவிட்டேன். குழுவிலிருக்கும் நர்ஸ் அக்கா, ஐயாவோட வலிக்கே கால் முளைச்சிருக்கு, இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் நடந்து போயிட்டு வருது என்று கேலி செய்தார். நீகூட ஒரு சிரிப்புப் பொம்மை போட்டாய்.

உன்னிடம் ஒன்று கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? பழைய விளக்குக்கும் புது வெள்ளை விளக்குக்கும் என்ன வித்தியாசம், படத்தில் அளவுகோல் எந்தப் பக்கம் வைக்க வேண்டும், மேடத்துக்குக் குழந்தைகள் உண்டா என்று மூன்றையும் ஒரே செய்தியில் கேட்டேன். கடைசிக் கேள்வி சும்மா வாயில் வந்ததுபோல இருக்கட்டும் என்றுதான். முதல் இரண்டுக்கும் நீளமாக எழுதினாய். மூன்றாவதற்கு ஒன்றுமே எழுதவில்லை. உண்டு என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அதை எத்தனை தடவை திறந்து பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

நீயும் அப்பாவும் பிரிந்தபோது கோர்ட்டில் என்னைக் கூட்டிப்போன அந்த அலுவலக அறையையும் நான் மறக்கவில்லை. பச்சைத் துணி விரித்த மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள், பயப்படாம சொல்லும்மா, நீ யார்கூட இருக்க ஆசைப்படற என்று கேட்டார். உன் பக்கம் திரும்பினால் உன் கை தெரிந்தது, கைக்குட்டையைத் திருகிக்கொண்டிருந்தாய். இந்தப் பக்கம் அப்பாவின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. உன்னைச் சொன்னால் அப்பா அங்கேயே அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அப்பாவைச் சொல்ல வாய் வரவில்லை. மேஜையிலிருந்த பேனாக்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் என்னவோ எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் நீ குனிந்து என் பையின் வாரைச் சரிசெய்து, சரிடா கண்ணு, அம்மாவுக்குப் புரிஞ்சுது என்றாய்.

என்ன புரிந்தது, அம்மா? நான் ஒன்றும் சொல்லவே இல்லையே. உன்கூட வரமாட்டேன் என்று நான் பூஜ்ஜியம் போடவில்லை. காலியாகத்தான் விட்டேன். ஊருக்கெல்லாம் சொல்லித்தருகிற நீ, அன்று மட்டும் எப்படிக் கலந்துவிட்டாய்?

இப்படி எழுதியதற்கு மன்னித்துக்கொள். அத்தை ஒரு தடவை புரண்டு படுத்தார், பயத்தில் தண்ணீர் தாகம் எடுக்கிறது, எழுந்து போக முடியாது. சனிக்கிழமை அப்பா டேப்லெட்டை வாங்கிப் பார்ப்பார். அதனால் இதை அனுப்பியதும் என் பக்கத்திலிருந்து அழித்துவிடுவேன். நீ பதிலைக் கடிதமாக எழுதினால் அவர் கண்ணில் பட்டுவிடும். அப்புறம் எனக்கு இந்த ஜன்னல்கூட இருக்காது.

இந்தக் கணக்கை வைத்து நீ எழுதப்போகும் ஆராய்ச்சிக் கட்டுரையில் என் பெயர் வேண்டாம். பொய் சொன்னவளின் எண்ணிக்கை செல்லாது என்றால் என் வரிசை முழுவதையும் எடுத்துவிடு. ஆனால் பூச்சிகள் பொய் இல்லை, அம்மா. ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத்தான் எழுதினேன். பேக்கரிக்காரரிடம் மட்டும், தபால்காரர் ஊருக்குப் போய்விட்டார், கால் வலி தேவலை என்று சொல். அவர் கவலைப்படுவார்.

எடுப்பதற்கு முன் ஒன்றே ஒன்று செய். என் வரிசையில் இன்றைய தேதிக்கு நேரே, சரிபார்த்தவர் போடும் கட்டம் இருக்கிறதல்லவா? அது எண் மட்டும்தானே, அப்பா பார்த்தாலும் பூச்சிக் கணக்கு என்றுதான் நினைப்பார். நான் உனக்கு வேண்டும் என்றால் அதில் ஒன்று என்று போடு. எப்போது, எப்படி என்றெல்லாம் கேட்க மாட்டேன், காத்திருப்பேன். வேண்டாம் என்றால் பூஜ்ஜியம் போடு. நீ பார்த்தாய், யோசித்தாய் என்றாவது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைவரை தினமும் விளக்கைப் பார்த்துவிட்டு அந்தக் கட்டத்தையும் பார்ப்பேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. கண் எரிந்தால் கழுவிக்கொள். நன்றாக இரு, அம்மா.

காலியாக மட்டும் விட்டுவிடாதே.

இப்படிக்கு,
நீ ஐயா என்று கூப்பிட்ட
சுண்டு