சேலை எடுத்துப்போட ஒரு பரீட்சை

உ

திருச்சுழி,
ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரேணுகாதேவிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் மாடும் கன்றும் சுகம். அங்கே நீயும் ரோஷினிக்குட்டியும் சுகமா, பிள்ளைக்குச் சளி விட்டதா, மெட்ராஸ் தண்ணீரை நம்பாதே, கொதிக்க வைத்துக் கொடு. மாப்பிள்ளை சுகமா என்று நான் கேட்க வேண்டியதில்லை, கம்பெனிக் கதவைச் சாத்திய நாளிலிருந்து படுத்துக்கொண்டே பேப்பர் படிக்கிறவருக்கு என்ன கேடு வரப்போகிறது. இங்கே மழை இல்லை. மேகம் கூடுகிறது, கலைகிறது. பரளச்சிப் பக்கம் உழுது போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் கையில் காசு புழங்கினால்தான் நம் கடையில் தீபாவளித் துணி நகரும்.

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. முதல் தடவை படித்தபோது சிரிப்பு வந்தது, இரண்டாம் தடவை ஆத்திரம் வந்தது. ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப்போட ஒரு பரீட்சையாம், அதற்கு ஒரு அறையாம், அதிலே ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் கழுத்தில் பட்டை கட்டிய ஒருவன்! கலெக்டர் ஆபீசில்கூட இத்தனை அலட்டல் இருக்காது. அவனே வாடிக்கையாள் மாதிரி நடித்து உன்னை விற்றுக் காட்டச் சொன்னான், நீயும் முந்தியை முதலில் விரித்து, சேலையின் உடலை வெளிச்சத்தில் பிடித்து, எல்லாம் அழகாகத்தான் செய்திருக்கிறாய். அவன் குறைத்துக் கொடு என்றதும், காலைப் போணி, உங்க கையால ஆகட்டும்னு சொல்லி விலையைக் குறைத்தது போதாதென்று அவன் நீட்டிய நோட்டை வாங்கிக் கண்ணில் வேறு ஒற்றிக்கொண்டாயாமே, அடி கூறுகெட்டவளே, ஒரே விலை என்று வாசலில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்று நீதானே எழுதியிருக்கிறாய். முதல் வியாபாரம் தட்டிப் போகக்கூடாது, நஷ்டமானாலும் கொடுத்துவிட வேண்டும் என்று பால் குடிக்கிற வயதிலிருந்து கேட்ட காது, உன்னைச் சொல்லி என்ன பயன், நம்மைப் போல ஜவுளிக்கடை வீட்டில் பிறந்தவளைத் தவிர வேறு எவளுக்கும் இந்தப் பிழை வராது. அங்கே நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம். சிரிக்கட்டும், போணி என்றால் என்னவென்று தெரியாமல் கடை நடத்துகிற கூட்டம். ஆனால் சிரித்துவிட்டு அனுப்பாமல் வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி வா என்றிருக்கிறான் பார், அப்படியென்றால் நீ துணி விரித்த விதம் அவனுக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அதற்குள் போகமாட்டேன் என்று எழுதுகிறாயே, உன்னை என்ன செய்தால் தகும். பெண்டாட்டியைக் கடைக்கு அனுப்பி உட்கார்ந்து தின்கிறான் என்று ஊர் சொல்லும் என்கிறாராம் மாப்பிள்ளை. சொல்லட்டுமே, அதிலே பொய் என்ன இருக்கிறது. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை. மீசையைத் தடவிக்கொண்டு இருந்தால் பால்காரனுக்கும் வீட்டு வாடகைக்கும் யார் பதில் சொல்வது. அடுத்தது உன் அப்பா. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், குதித்தார் பார் ஒரு குதி. ராஜகுரு மக அடுத்தவன் கடையில நின்னு சேலை மடிச்சுக் குடுக்கவா, ரெண்டு பேரையும் கெளம்பி வரச்சொல்லு, மாப்ள நம்ம கல்லாவுல உக்காரட்டும்னு ஒரே சத்தம். மாப்பிள்ளை உதயகுமாரைக் கல்லாவில் உட்கார வைத்தால் கல்லாவோடு அவரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், கண் விழிக்கமாட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது ரேணு. உன்னையும் பேத்தியையும் பார்க்க ஆசை இல்லாமல் இல்லை, ஏக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நீ இங்கே தோற்று வந்து இறங்கினால் அப்புறம் இந்த வீட்டு அடுப்படிதான் உனக்கு, உன் மகளுக்கும் அதுதான். ஆகையால் வெள்ளிக்கிழமை நீ போகிறாய். கேள்வி கேட்காதே.

பட்டுக் கட்டாதே, கல்யாணத்துக்கா போகிறாய். பொங்கலுக்கு அனுப்பினேனே அருப்புக்கோட்டை நூல் சேலை, அரக்கில் மஞ்சள் கரை போட்டது, அதைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கட்டு, முந்தியை மடித்து ஊசி குத்திக்கொள். வளையல் ஓசை வேண்டாம். வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போ, காலி வயிற்றோடு போனால் குரல் எழும்பாது. வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி அழாதே, இரக்கப்படுகிற முதலாளி முதலில் சம்பளத்தைத்தான் குறைப்பான். குறைத்துக் கொடு என்று எவன் கேட்டாலும், அந்தச் சாமியே வந்து கேட்டாலும், சிரித்துக்கொண்டே ஒரே விலைதாங்க என்று சொல், காலை வியாபாரமாவது கடைசி வியாபாரமாவது. நோட்டைத் தொடவே தொடாதே. அங்கே ஒருத்தி துணியைக் காட்ட, ஒருவன் சீட்டெழுத, ஒருவன் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து காசு வாங்க, இன்னொருவன் பொட்டலம் கொடுப்பானாமே, ஒரு சேலைக்கு நாலு ஆள், பிரசவத்துக்கே ஒரு மருத்துவச்சி போதும். இருந்தாலும் சம்பளம் கொடுக்கிறவன் கூத்துக்கு நாமும் தாளம் போடத்தான் வேண்டும்.

இத்தனை எழுதினாலும் நீ அப்பா முகத்தை நினைத்து நின்றுவிடுவாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் ஒரு காரியம் செய்தேன். நம் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் தொங்குகிற திரையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காபியை நான் இந்தப் பக்கமிருந்து நீட்டுவேன், அந்தப் பக்கமிருந்து ஒரு கை வாங்கிக்கொள்ளும். நம் வீட்டுப் பெண் எவளும் வியாபார நேரத்தில் அதைத் தாண்டிக் கால் வைத்ததில்லை, கௌரவமாம். வியாழக்கிழமை அப்பா தீபாவளி லோடு எடுக்க அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தார். கடையில் துணி எடுத்துப்போடுகிற பொன்னுச்சாமி மட்டும்தான். நான் திரையை விலக்கிக்கொண்டு போய் மீட்டர் கம்பியைக் கையில் எடுத்தேன். பொன்னுச்சாமி பேயைக் கண்ட மாதிரி எழுந்து நின்றார். முதல் ஆளாகப் பரளச்சி முத்துத்தாய் பெரிய மனுஷியான மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். உள்பாவாடையும் பாடியும் வாங்க வருகிறவள், ஆம்பளை முகத்தைப் பார்த்து வாய் வராமல் ஏதோ ஒரு அளவை வாங்கிக்கொண்டு போகிறவள், என்னைப் பார்த்ததும், ஆத்தாடி நீங்களா இருக்கீக, இனிமே கூச்சமில்லாமக் கேக்கலாம்னு உட்கார்ந்தேவிட்டாள். மகளுக்கு, தனக்கு, நாத்தனாருக்கு என்று கட்டுக் கட்டாக எடுத்தாள். அந்த நேரம் பார்த்து அப்பா பஸ்ஸைவிட்டு இறங்கி மூட்டையோடு வந்தார். உள்ள போ என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. இவுகளுக்கு அளந்து குடுத்துட்டு வாரேன், செத்த நேரம் ஓரமா நில்லுங்க என்றேன். நின்றார் ரேணு, தன் கடை வாசலில், வாங்க வந்த ஆள் மாதிரி. பஜாரே பார்த்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை, பசித்தால் சாப்பிடுவார் என்று நான் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், மறுநாள் காலையில் இட்லிக்கு வந்து உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமையும் நின்றேன், நேற்றும் நின்றேன். முத்துத்தாய் சொல்லி நேற்று ஒரு வண்டிப் பெண்கள் வந்தார்கள். அப்பா முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கல்லாவில் இருந்தார், காசை எண்ணுவதற்கு மட்டும் இந்தப் பக்கம் திரும்பினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கால் வீங்கிப் போயிற்று, அதுகூடச் சந்தோஷமாக இருந்தது. இனி உன்னைச் சொல்ல அப்பாவுக்கு வாய் கிடையாது, உன்னைச் சொல்வதானால் முதலில் என்னைச் சொல்ல வேண்டும், என்னைச் சொல்லிப் பார்த்தாயிற்று. மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் கொடு, பேப்பர் படிக்கிற நேரத்தில் இதையும் படிக்கட்டும். வெள்ளிக்கிழமை பிள்ளையை அவரே பார்த்துக்கொள்ளட்டும், பருப்புச் சாதம் பிசைந்து ஊட்டத் தெரியும் அல்லவா, மீசை குறுக்கே வராது.

திருமேனிநாதர் உனக்குத் துணையிருப்பார், நீ நல்லா இருப்பாய், உன் மகள் உன்னைவிட நல்லா இருப்பாள். மறக்காமல் பதில் போடு. உறையில் மேற்பார்வை ராஜகுரு என்று அப்பா பெயரைப் போட்டு இனி எழுதாதே, கோகிலாம்பாள், ஜவுளிக்கடை, பஜார், திருச்சுழி என்று எழுதினால் வந்து சேரும். தபால்காரர் வருகிற நேரம் நான் கடையில்தான் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
கோகிலாம்பாள்