மோட்டாருக்கு ஒரு செம்புத் தண்ணீர்

தம்பி செம்மல்,

சாமான் ஏற்ற வண்டி பிடிக்கத் திருவரங்குளம் போகிறேன். நம் வீட்டை வாங்கிய சார்லஸ் அண்ணன் பத்து மணிக்குச் சாவி வாங்க வருவார். கிணற்று மோட்டார் போடும் விதத்தை அவருக்குக் காட்டு. கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தாலே குழாயில் நின்ற தண்ணீர் கீழே இறங்கிவிடும். மோட்டாருக்குக் காற்றை இழுக்கத் தெரியாது, அதனால் வெறுமனே சுற்றும். மூடியைத் திறந்து ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போட்டால் கொட்டோ கொட்டென்று கொட்டும்.

“வீட்ட வித்தவளோட எனக்கென்ன பேச்சு?” என்று மூன்று நாளாய் வாயை மூடியிருக்கிறாய். அவரிடமாவது திற!

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது.

அக்கா சுடர்விழி

பி.கு.: மோட்டாருக்கு ஊற்றும் அந்தச் செம்பு அம்மாவுடையது, அதை அவரிடம் கொடுத்துவிடாதே. உன் பையில் வைத்துக்கொள். இனி உன் புது வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்க எனக்கொரு சாக்கு வேண்டும்.