கயிற்றுக்கு ஆள்

1973

ஜனவரி 22, திங்கள். கடலில்.

மழை. பினாங்கை விட்டு இரண்டாம் நாள். காலை வகுப்பு நீரோட்டங்கள். மதியம் மலாய் நாட்டுச் சரித்திரம், பாதித் தூக்கத்தில். இரவுச் சாப்பாடு வேகவைத்த உருளைக்கிழங்கு, மறுபடியும்.

பல நாட்டு மாணவர்கள் படிக்கும் கல்லூரிக் கப்பல். தமிழ் பேச ஒருவர் இல்லை. பம்பாயில் ஏறி ஆறு மாதம். மொம்பாசா, சிங்கப்பூர், கோபே, மணிலா. ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பதுதான் படிப்பு. பார்த்ததைச் சொல்லத்தான் ஆள் இல்லை. ராயப்பன் என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை, ராய் ஆகிவிட்டேன். அறைத் தோழன் நீல்ஸ், டென்மார்க். நல்லவன். என்னை வங்காளி என்று மூன்று மாதம் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஆறு மாதமாக யாரும் என்னை ‘ஏலே’ என்று கூப்பிடவில்லை. அதற்காக அழுகை வரும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நோட்டீஸ் போர்டில் புதுத் தாள். கொழும்புக்குப் பிறகு தூத்துக்குடி! முத்துக்குளித்துறையைப் பார்வையிட. திரும்பத் திரும்பப் போய் வாசித்தேன்.

ஜனவரி 23, செவ்வாய்.

மழை விட்டது. முடிவு செய்துவிட்டேன். தூத்துக்குடியில் இறங்கிவிடுவது. திரும்ப ஏறுவதில்லை. இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. போகட்டும்.

காரணங்கள்:
1. சாப்பாடு. (இது ஒரு காரணமே இல்லை. ஆனாலும் முதலில் வருகிறது.)
2. சூசை மச்சான். அக்கா புருஷன், சங்கு குளிக்கிறவர். பதினாறு வயதிலிருந்து அவருக்குக் கயிறு பிடித்தவன் நான். பி.எஸ்சி. படித்தபோதும் லீவு விட்டால் தோணிதான்.
3. பி.

பி. மச்சானின் தங்கை. எனக்குக் கட்டிக்கிற முறை. யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. பேச என்ன இருக்கிறது என்று எல்லோரும் இருந்துவிட்டோம். நான் புறப்பட்ட அன்று வாசலில் நின்று, “கப்பல்ல மீன் போடுவாவளா?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

கோபேயிலிருந்து மச்சானுக்கு எழுதியதுதான் உறுத்துகிறது. ‘கயிற்றுக்கு எனக்காகக் காத்திருந்து சீசனைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.’ பெரிய மனுஷன் மாதிரி எழுதிவிட்டேன். நேரில் போய் நின்றால் சரியாகிவிடும்.

ஜனவரி 24, புதன்.

முத்துக்குளித்துறை பற்றி வகுப்பில் என்னைப் பேசச் சொன்னார் பேராசிரியை. முத்து எடுப்பு நின்று பல வருடம், இப்போது சங்குதான் என்றேன். எல்லார் முகமும் தொங்கிவிட்டது.

பிறகு கயிற்றைப் பற்றிச் சொன்னேன். கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு. தோணியில் இருந்து அதைப் பிடிப்பவன் அவனுக்கு மச்சான் முறையாகத்தான் இருக்க வேண்டும். கூடப்பிறந்தவன் கையில்கூடக் கொடுப்பதில்லை. சொத்துக்கு ஆசைப்பட்டுக் கையை விட்டாலும் விடுவான். மனைவியின் தம்பி விடமாட்டான். விட்டால் அவன் அக்கா தாலி அல்லவா போகும்? கைதட்டினார்கள்.

மச்சான் இல்லாதவன் என்ன செய்வான் என்று ஒரு பெண் கேட்டாள். ஒருவனை உண்டாக்கிக்கொள்வான் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்தக் கப்பலில் நான் சொல்லி எல்லோரும் சிரித்தது இதுதான் முதல் தடவை. சாயங்காலம்வரை சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி 27, சனி. கொழும்பு.

வெயில். எனக்குக் கடிதம் இல்லை. நான் ஒரு துறைமுகத்தை விட்ட பிறகு கடிதம் அங்கே போய்ச் சேரும், எப்போதும் அப்படித்தான்.

வாங்கியது: அக்காவுக்குச் சேலை. மச்சானுக்கு டார்ச் லைட். பி.க்கு கோபேயில் வாங்கிய விசிறி இருக்கிறது, கூட ஒரு சின்னக் கண்ணாடி.

தெருவில் இரண்டு பேர் தமிழில் சண்டை போட்டார்கள். நின்று முழுவதும் கேட்டேன்.

கப்பல் அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். கடைசி நாள்வரை யோசி, நிச்சயமென்றால் தூத்துக்குடியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்றார். யோசிக்க ஒன்றுமில்லை. வீட்டுக்கு எதுவும் எழுதவில்லை. திடீரென்று போய் நிற்க வேண்டும்.

ஜனவரி 29, திங்கள். தூத்துக்குடி. வீடு.

வாடைக் காற்று. கப்பல் கரையிலிருந்து தூரத்தில்தான் நங்கூரம் போட்டது. மற்றவர்களுக்கு லாஞ்ச். நான் பெட்டியோடு சரக்குத் தோணியில் ஏறிக்கொண்டேன். தோணிக்காரர் முகத்தை உற்றுப் பார்த்து, “ஏலே, சூசை மச்சினன்லா நீ? என்ன இப்படி வெளுத்துப் போயிட்ட?” என்றார். பெட்டியை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டேன்.

அக்கா என்னைக் கண்டதும் அழுதாள், பிறகு திட்டினாள். மச்சான் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். உள்ளேயிருந்து ஒருவன் வந்தான். வாட்டசாட்டமானவன், என் வயதுதான் இருக்கும்.

“மாப்ள, இவரு யாருன்னு தெரியலையா? புன்னைக்காயல் லாசரு. நம்ம பிலோமி மாப்பிள்ளை. இப்ப இவருதான் எனக்குக் கயிறு” என்றார் மச்சான் என்னிடம்.

“மணிலாவுக்கு லெட்டர் போட்டோமே, கெடைக்கலையா?” என்றாள் அக்கா. “மூணு வாரம் கல்யாண ஓலை கோயில்ல வாசிச்சு, இந்த மாசம் மூணு ராசா திருநா கழிஞ்சு கல்யாணம்.”

எப்படி என்று கேட்டேன்.

“நீதானல எழுதின, கயித்துக்கு வேற ஆளு பாருங்கன்னு. இவியளுக்கு மச்சான் முறைல வேற ஆளு ஏது? தங்கச்சிய ஒருத்தனுக்குக் கட்டிவச்சாத்தான உண்டு. நீ கப்பல்ல பெரிய படிப்பு படிக்கா, இந்தப் பொண்ணு உனக்கு வேண்டாம்னுதான் அப்படி எழுதுதன்னு நெனச்சோம். பிலோமியும் ஒண்ணும் சொல்லல” என்றாள் அக்கா.

இந்தக் கரையில் பிறந்து, இதே கயிற்றைப் பிடித்து வளர்ந்தவன் நான். அந்தக் கடிதத்துக்கு இங்கே என்ன அர்த்தம் என்று எனக்குத் தோன்றவில்லை. வகுப்பில் மட்டும் வாய் கிழியப் பேசினேன்.

பி. மீன் குழம்பு வைத்திருந்தாள். “சாப்பிடுங்க மச்சான், ஆறுது” என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை, அவளும் நானும். லாசர் என்னை அண்ணே என்கிறான்.

அக்கா பெட்டியைப் பார்த்தாள். “பெட்டி எதுக்குலே? நாலு நாள்ல போறவனுக்கு?” துவைக்க வேண்டிய துணி என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 30, செவ்வாய்.

கடல் அமைதி. மச்சானோடு சங்குக்குப் போனேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன், மறைக்க ஒன்றுமில்லை. லாசர் கயிற்றை நன்றாகவே பிடிக்கிறான். தளர்த்தி, இழுத்து, கண்ணை எடுக்காமல். நடுவில் என்னிடம், “அண்ணே, மேல வரும்போது இவிய கடைசில கயித்த ஒரு வெட்டு வெட்டுதாவள, அது பயப்பட வேண்டாந்தான?” என்று கேட்டான். வேண்டாம், அது அவர் பழக்கம் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஒரு நிமிஷம் சொல்லாமல் விட்டாலென்ன என்றுகூடத் தோன்றியது. சீ.

மச்சான் மேலே வந்ததும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார். அத்தனை வருடமும் அப்படித்தான். இன்று மூச்சு வாங்கிக்கொண்டு அவனைப் பார்த்தார். கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சங்குகளைத் திருப்பித் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

நாலு ஆள் ஆழத்தில் சின்னச் சங்கு கொஞ்சம், மூன்று பெரியது. மதியம் கருவாடு, கஞ்சி. நன்றாக இருந்தது. சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது.

ஜனவரி 31, புதன்.

எழுந்தபோது கொடி நிறைய என் துணிகள். சட்டை, கால்சட்டை, கம்பளி உட்பட. அக்கா கிணற்றடியில் மீதியைக் கசக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“எல்லாம் துவைச்ச துணிதான்” என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

ஒரு சட்டையை எடுத்துப் பிழிந்தேன்.

“வந்த அன்னைக்கே பெட்டியத் தூக்கிப் பாத்தேன். புஸ்தகம் எல்லாம் உள்ள கெடக்கு. எதுக்கு வந்தன்னு எனக்குத் தெரியாதாலே?” பிறகு, “இங்கன இருந்தா தெனம் அந்த ரெண்டு பேரையும் பாக்கணும். போயிப் படி. வெயில் நல்லா இருக்கு, மத்தியானத்துக்குள்ள காஞ்சிரும்.”

மடித்துக் கொடுத்தாள். விசிறியையும் கண்ணாடியையும் அவளிடமே விட்டேன். பி.யிடம் என்ன சொல்லிக் கொடுப்பாளோ, அவள் பாடு.

மச்சான் கரைவரை வந்தார். டார்ச்சை அடித்து அடித்துப் பார்த்தார், பட்டப்பகலில். “லாசரு நல்ல பையன் மாப்ள. நீ கவலைப்படாத.” என் கவலை அவர் உயிரைப் பற்றி மட்டும்தான் என்று நினைக்கிறார். அப்படியே நினைக்கட்டும்.

கப்பல் ஏறியதும் அதிகாரி கேட்டார். இறங்கவில்லை என்றேன். நீல்ஸ், வீடு எப்படி என்றான். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்றேன். நான் இல்லாமல் ஒரு குறையும் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

பிப்ரவரி 1, வியாழன்.

காலையில் நங்கூரம் எடுத்தார்கள். அடுத்து ஏடன். தெளிந்த வானம்.

தெற்கே சங்குத் தோணிகள் சில. வகுப்பு முழுவதும் மேல்தளத்தில். பேராசிரியை தூரக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். இதில் உன் மச்சான் தோணி எது என்றார். ஒன்றைக் காட்டினேன். அதுவாகத்தான் இருக்க வேண்டும். நிற்கிறவன் லாசர் உயரம். ஓர் ஆள் இறங்குவது தெரிந்தது.

எவ்வளவு நேரம் உள்ளே இருப்பார் என்று கேட்டார்கள். நாமும் இருந்து பார்ப்போம் என்று ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். நானும் மூச்சை அடக்கினேன். ஒவ்வொருவராக விட்டுவிட்டுச் சிரித்தார்கள். நீல்ஸ் கடைசியில். பிறகு நான் மட்டும்.

கப்பல் திரும்பியது. சமையலறைப் புகைபோக்கி நடுவில் வந்துவிட்டது. ஓடிப்போய் மறுபக்கம் பார்த்தேன். தோணிகள் ஒன்றுபோல் இருந்தன. மச்சான் மேலே வந்ததைப் பார்க்கவில்லை.