கேள்வித்தாளில் இருந்த பெயர்

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், அக்டோபர் 14, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பதினோரு வருடம். கல்லூரியின் பழங்குடி நலவாழ்வுத் துறையில் பழங்குடிக்காரன் நான் ஒருவன்தான். வரவேற்பறையில் மாட்டிய படம் மாதிரி. தலைமைப் பதவி இரண்டு முறை கைநழுவியது. அந்த நாற்காலியில் இப்போது விட்காம். அது கிடக்கட்டும் — இன்று எங்கள் ஊர்ப் பெண் ஜெராலினைச் சுகாதாரப் பணியாளர் தேர்வில் பெயிலாக்கிவிட்டாள்.

வாய்மொழித் தேர்வு. நோயாளியின் பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். தாளில் இருந்தது ஜெராலினுடைய அண்ணன் பெயர். ஜூலையில் இறந்தவன். இறந்தவன் பெயரை நாங்கள் உச்சரிப்பதில்லை, அதற்குப் பதில் குமன்ஜாயி என்போம். அவளும் அப்படித்தான் சொன்னாள்.

"தாள்ல இருக்கற பேரைப் படிம்மா" என்றாள் விட்காம். மூன்று தடவை.

ஜெராலின் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அக்டோபர் 15

அந்தக் கேள்வியை எழுதியவன் நான்தான். நான்கு வருடம் முன்பு, டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்தபடி அவள் அண்ணனே சொன்னான்: "என் பேரையே போடு மாமா. அத்தனை பேரையும் நானே பெயிலாக்குறேன்."

ஆகஸ்டில் விட்காமிடம் பெயரை எடுக்கச் சொன்னேன். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றாள். மறுபடி கேட்டேனா? இல்லை. ஏன் கேட்கவில்லை?

அக்டோபர் 16

கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 17

ஊருக்குக் கிளம்புமுன் ஜெராலின் வந்தாள், கையில் போர்வைச் சுருட்டோடு. ஆகஸ்டில் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அதை ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு மாமா. அப்பீல் போட்டிருக்கேன். தபால்ல போட நாளைக்குக் கடைசி. இந்த மாசம் சான்றிதழ் வரலேன்னா நம்ம ஊர் கிளினிக் வேலைய வெளியாளுக்குக் குடுத்துருவாங்க. நம்ம பாஷையில ஒரு வார்த்தை தெரியாத ஆளு."

"பார்க்கலாம்" என்றேன்.

சிரித்தாள். "நல்லா ஆபீஸ்காரன் ஆயிட்ட, மாமா."

அக்டோபர் 18

ஒரு பக்கம் எழுதினேன். ஆகஸ்டில் கேட்டது, விட்காம் தட்டிக்கழித்தது, எல்லாம். அடியில் என் பெயர்.

டிசம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பது விட்காம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. வேறு எவன் கூப்பிடுவான்?

கடிதத்தைக் கிழித்துவிட்டு மறுபடி தட்டச்சு செய்தேன். அடியில் ஒன்றுமில்லை.

மொட்டைக் கடிதங்களை மேல்முறையீட்டுக் குழு படிக்காது. அந்த விதியை எழுதிக் கொடுத்ததும் நான்தான், முன்பு என்னைப் பற்றி ஒன்று வந்தபோது.

ஐந்து மணிக்குத் தபால் எடுப்பார்கள். போட்டுவிட்டு வருகிறேன்.