கல் அறுக்கும் கூடத்தை மூடிய பிறகு

அன்பு அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன். இந்தத் தொழிற்சாலைக்கு நான் தலைமை டாக்டர் ஆனதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாயாமே.

வந்ததும் முதல் வேலையாகக் கல் அறுக்கும் கூடத்தை மூடச் சொன்னேன். தூசியை உறிஞ்சும் இயந்திரம் வரும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. அதனால் பலருக்கு வேலை இல்லை. கேன்டீனில் என் மேஜைக்கு யாரும் வருவதில்லை. சாப்பாடு நிம்மதியாக இறங்குகிறது என்று வைத்துக்கொள்.

போன வாரம் அந்தக் கூடத்து மேஸ்திரி இறந்துபோனார். தூசி தின்ற நுரையீரல். துக்கம் விசாரிக்கப் போனேன். அவர் மனைவி என்னை உட்காரவைத்து, "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா டாக்டரம்மா?" என்று கேட்டார். கோபமே இல்லை. அவர் மகனுக்கும் அதே கூடத்தில்தான் வேலை. இப்போது சும்மா இருக்கிறான். கிளம்பும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார் கேட்டாலும் அவசரப்பட்டுத் திறந்துடாதீங்க" என்றார்.

தலையணை உறை இரண்டு தைத்து அனுப்பும்மா. புதுத் துணி வேண்டாம், உன் பழைய சேலையில் தை. துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள், எழுந்துகொள்கிறேன்.

உன் மகள்