கேப்டனின் கருத்து

அன்புள்ள அத்தாவுக்கு,

இந்தியப் பெண்கள் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் பதவி உங்களுக்குக் கிடைக்கவில்லை. நான் கேப்டன் என்பதால் தேர்வுக் குழு என்னிடமும் கருத்துக் கேட்டது. வேண்டாம் என்றேன்.

ஆட்டத்தைக் கணிப்பதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

பெங்களூரில் நான் பெனால்டியைத் தவறவிட்டுத் தோற்ற அன்று, அத்திப்பள்ளி தாண்டியும், ஓசூரில் இறங்கி மத்திகிரி டவுன் பஸ் ஏறியும் நீங்கள் வாய் திறக்கவில்லை. ஏனென்று அம்மா கேட்டதற்கு, "தோத்துட்டு வந்தவகிட்ட என்னா பேச்சு?" என்றீர்கள். ஒன்பது நாள் அப்படியே போனது. அப்போது எனக்குப் பதினாறு வயது.

இந்த அணியில் நாங்கள் இருபத்து மூன்று பேர் இருக்கிறோம், அடிக்கடி தோற்கிறோம்.

இன்று தோற்றது நீங்கள். உங்களோடு பேசத்தான் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

உங்கள் மகள்